வழுக்கியாறு: வெள்ளம் எத்தனை நாள் நிற்கும் என்று கணிப்பது எப்படி

கார்த்திகை பிறந்தால் யாழ்ப்பாணக் குடாநாட்டு வலிகாமத்தில் எல்லோரும் வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். தாழமுக்கம் எங்கே நிற்கிறது, திருகோணமலைப் பக்கம் வருமா, முல்லைத்தீவுப் பக்கம் வருமா, இல்லை வேதாரணியம் பக்கம் திரும்புமா என்று போனில் படம் படமாக வரும். நல்லதுதான், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நம் வளவுக்குப் பின்னால் போகிற வெள்ளவாய்க்கால் எங்கே போய்ச் சேருகிறது, இடையில் வீதிக்குக் கீழால் தண்ணீர் போகிற மதவு எத்தனை, அதில் எது மண் நிரம்பிக் கிடக்கிறது என்று கேட்டால் கனபேருக்குப் பதில் தெரியாது. நம் ஊர் வெள்ளத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது கேள்விதான் பெரியது என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் ஆறு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை என்பதுதான் சரி. மாரியில் மட்டும் உயிர் வந்து ஓடுகிற வழுக்கியாறு இருக்கிறது. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி, வட்டுக்கோட்டை என்று வயல்வெளிகளையும் குளங்களையும் தொட்டுத் தொட்டு வந்து, அராலியில் யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் விழுகிறது. நீளம் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். கோடையில் பார்த்தால் ஆறு என்றே சொல்ல மாட்டீர்கள். மாடு மேயும், பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவார்கள், சில இடங்களில் குப்பையும் கட்டட உடைசலும் கொட்டிக் கிடக்கும். எட்டு ஒன்பது மாதம் காய்ந்து கிடக்கிற ஒன்றை ஆறு என்று மனம் ஏற்பதில்லை, அதனால்தான் அதன் கரையை ஒட்டிக் காணி வாங்குகிறவர் வெள்ளத்தைப் பற்றிக் கேட்பதும் இல்லை.

இந்த ஆற்றை மலைநாட்டு ஆறுகளோடு ஒப்பிட்டுப் பயப்படுவதும் தவறு, ஒப்பிட்டுப் பயப்படாமல் இருப்பதும் தவறு. களனியிலோ மகாவலியிலோ மேலே பெய்த மழை வேகமாக இறங்கி வந்து அடித்துக்கொண்டு போகும். இங்கே அடித்துக்கொண்டு போக இறக்கமே கிடையாது. குடாநாட்டின் உயர்ந்த நிலமே கடல் மட்டத்திலிருந்து பத்துப் பதினைந்து மீட்டருக்குள்தான். அதை 16 கிலோமீட்டருக்குப் பிரித்தால் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காது. தண்ணீர் மெதுவாக வரும், மெதுவாக ஏறும். ஏறியது இறங்குவதும் மெதுவாகத்தான். ஆளை இழுத்துக்கொண்டு போகிற வெள்ளம் குறைவு. ஆனால் அடுப்படிக்குள் நாலு நாள், வயலுக்குள் பத்து நாள் என்று நின்று நின்று அழிக்கிற வெள்ளம் இது. ஆகவே இடரை அளக்கும்போது எவ்வளவு உயரம் வந்தது என்று மட்டும் கேட்டால் போதாது, எத்தனை நாள் நின்றது என்றும் கேட்க வேண்டும். உயரத்தை எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள், நாள் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை.

மழையின் அளவைக் கொஞ்சம் கையில் பிடித்துப் பார்க்கலாம். குடாநாட்டுக்கு வருடம் முழுவதும் கிடைப்பது சராசரியாக 1,200, 1,300 மில்லிமீட்டர் அளவு. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வந்துவிடும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 390 மில்லிமீட்டர் கொட்டியது. வருட மழையில் மூன்றில் ஒரு பங்கு, 24 மணிநேரத்தில். நம் கணக்கில் சொன்னால், ஒரு பரப்புக் காணியில் (ஏறக்குறைய 250 சதுர மீட்டர்) 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 25,000 லீட்டர், அதாவது வீட்டுக்கு வீடு கூரைமேல் நிற்கிற ஆயிரம் லீட்டர் கறுப்புத் தாங்கியில் இருபத்தைந்து. 390 மில்லிமீட்டர் என்றால் ஒரு பரப்புக்கு ஒரு இலட்சம் லீட்டர் வரை வரும். நாலு பரப்பு வளவுக்கு நாலு இலட்சம். இது உங்கள் தலைமேல் நேரே விழுந்தது மட்டும்தான், மேல் ஊரிலிருந்து வருவது இதில் சேரவில்லை.

இந்தத் தண்ணீருக்குப் போக மூன்று வழி. நிலத்துக்குள் இறங்க வேண்டும், குளத்தில் தங்க வேண்டும், இல்லாவிட்டால் வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். மூன்றையும் தனித்தனியே பார்க்காமல் இடரைக் கணக்கிட முடியாது.

நிலம் முதலில். வலிகாமத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்துமாக இருக்கிற கல், மேலே செம்மண். மாரியின் தொடக்கத்தில் எவ்வளவு பெய்தாலும் குடித்துவிடும், ஐப்பசி மழைக்கு வெள்ளம் வருவது அபூர்வம். ஆனால் அந்தக் கொள்ளளவுக்கு ஒரு எல்லை உண்டு, அதைக் காட்டுகிற கருவி ஒவ்வொரு வளவிலும் இருக்கிறது. கிணறு. புரட்டாதியில் துலாவோ மோட்டாரோ இல்லாமல் எட்டாத தண்ணீர், கார்த்திகை நடுப்பகுதியில் கட்டுக்கு மேலால் குனிந்து கையால் அள்ளுகிற அளவுக்கு வந்து நின்றால், கீழே இடம் முடிந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு விழுகிற 60, 70 மில்லிமீட்டர் சாதாரண மழைகூட முழுவதும் மேலால்தான் ஓடும். அதே மழை ஐப்பசியில் பெய்திருந்தால் முற்றம் ஈரமானதோடு போயிருக்கும். அதனால் கிணற்றுக் கட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் எத்தனை அடி கீழே என்று கிழமைக்கு ஒருமுறை கயிறு விட்டுப் பார்த்து எழுதி வைப்பது, இந்த ஊரில் செய்யக்கூடிய மிக மலிவான வெள்ள எச்சரிக்கை. ஆற்றின் கரையோரம் வயல் பக்கம் மண் களியாக இருக்கும், அங்கே கணக்கு வேறு. களி குடிக்காது, முதல் பெருமழைக்கே நிற்கத் தொடங்கிவிடும்.

குளங்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழுக்கியாற்றோடு தொடுக்கப்பட்ட குளங்கள் வெள்ளத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துத் தவணை முறையில் விடுவதற்கானவை. தூர்ந்துபோன குளம் மழை தொடங்கி ஓரிரு நாளிலேயே நிரம்பிவிடும், பிறகு அது இருந்தும் இல்லாததுதான். தூர்வாருவது நல்லது, ஆனால் பெக்கோ என்கிற மண் அள்ளும் இயந்திரத்தைக் கொண்டு வந்து அடிக்களியையும் சேர்த்துக் கிண்டி எடுத்தால் கோடைக்குத் தண்ணீர் நிற்காது. இதைச் சொல்வதற்கு ஊரில் விவரம் தெரிந்த கமக்காரர் ஒருவராவது கரையில் நிற்க வேண்டும்.

மூன்றாவது வழிதான் மிகச் சிக்கலானது, அதில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வாய்க்காலின் வலிமையை அதன் அகலமான இடம் தீர்மானிப்பதில்லை, மிக ஒடுக்கமான இடம்தான் தீர்மானிக்கும். ஒடுக்கமான இடம் பெரும்பாலும் வீதிக்குக் கீழே இருக்கிற மதவு. ஒரு மதவை எடுத்துக்கொள்வோம், இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். தண்ணீர் செக்கனுக்கு ஒரு மீட்டர் வேகத்தில் முழுதாக நிரம்பி ஓடினால், செக்கனுக்கு 2 கன மீட்டர் போகும். அந்த மதவுக்கு மேல்பக்கம் ஒரு சதுர கிலோமீட்டர் நிலம் வடிகிறது, மழை மணிக்கு 25 மில்லிமீட்டர், அதில் பாதி ஓடி வருகிறது என்றால், வந்து சேருவது செக்கனுக்குச் சுமார் 3.5 கன மீட்டர். மிச்சம் 1.5 கன மீட்டர் எங்கே போகும்? மதவுக்கு மேல்பக்கத்து வளவுகளுக்குள்தான். ஒரு மணிநேரத்தில் 5,300 கன மீட்டர். அந்த இடத்தில் தாழ்ந்த நிலம் ஐம்பது பரப்பு இருந்தால், முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர். இத்தனைக்கும் நான் எடுத்தது சுத்தமாக இருக்கிற மதவு. அடியில் ஒரு அடி மண், வாயில் ஒரு தென்னோலை, அதில் சிக்கின பொலித்தீன் பைகள் என்று சேர்த்தால் பாதியும் போகாது. இந்தக் கணக்குக்கு எஞ்சினியர் தேவையில்லை. அளவு நாடா ஒன்றும், தண்ணீர் ஓடும்போது ஒரு தேங்காய்ப் பொச்சைப் போட்டுப் பத்து மீட்டர் போக எத்தனை செக்கன் என்று பார்க்க ஒரு போனும் போதும். மேற்பரப்பு கொஞ்சம் வேகமாக ஓடும் என்பதால் கிடைக்கிற வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வீதி. போர் முடிந்த பிறகு வலிகாமத்தில் கனக்க வீதிகள் காபெற் (தார்க் கலவை) போட்டுத் திருத்தப்பட்டன. வேண்டிய வேலைதான், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை திருத்தும்போதும் வீதி கொஞ்சம் உயர்ந்தது, பக்கத்து வளவு உயரவில்லை. முன்பு வீதியைக் கடந்து மறுபக்க வயலுக்குப் போன தண்ணீர் இப்போது வீதி ஓரமாகவே நின்று ஒழுங்கைக்குள் திரும்புகிறது. வீதியே அணைக்கட்டு மாதிரி ஆகிவிட்டது, ஓட்டை வைத்த இடத்தால் மட்டும்தான் தண்ணீர் போகும். வீதியோர வடிகானைச் சிலர் கேற்றுக்கு முன்னால் கொங்கிறீட் போட்டு மூடிவிட்டார்கள், அதற்குக் கீழே வைத்த குழாய் ஒரு சாண்கூட இராது.

அதைவிடப் பெரிய மாற்றம் வேலி மதிலானது. மரத்தடிகளை நட்டுத் துளிர்க்க விடுகிற கதியால் வேலியும் பனையோலை வேலியும் இருந்த காலத்தில் தண்ணீர் வளவுக்கு வளவு கசிந்து, பனங்கூடலுக்குள் புகுந்து, தரவை என்கிற வெட்டவெளிக்குப் போய்விடும். யாரையும் கேட்காமல் போகும். இப்போது நாலு பக்கமும் அத்திவாரம் போட்ட மதில். தண்ணீர் நிற்கிறது, அல்லது மதில் இல்லாத வீட்டுக்குள் போகிறது. மதில் இல்லாத வீடு பெரும்பாலும் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. ஒரு ஒழுங்கையில் பத்து வீட்டில் ஏழு வீடு மதில் கட்டி, மண் போட்டு முற்றத்தை உயர்த்தி, கல் பதித்துவிட்டால், அந்த ஏழு வீட்டு வெள்ளத்தையும் மிச்சம் மூன்று வீடும் சேர்த்துத் தாங்க வேண்டும். இதைத் தனிப்பட்ட யாருடைய கெட்ட எண்ணமும் உண்டாக்கவில்லை, ஒவ்வொருவரும் தன் வீட்டைக் காப்பாற்றத்தான் செய்தார்கள். ஆனால் இடர் மதிப்பீடு என்று வந்தால் வீட்டை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, ஒழுங்கையை வைத்துத்தான் போட வேண்டும். கதியால் எங்கே நிற்கிறது, மதில் எங்கே நிற்கிறது, மதிலின் அடியில் தண்ணீர் போகத் துளை விட்டிருக்கிறதா என்று ஒரு படம் கீறிப் பார்த்தால் அடுத்த வெள்ளம் எந்த வீட்டு வாசலில் நிற்கும் என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம்.

கடைசியில் அராலி. அங்கே கடல்நீர் மேலேறி வராமல் இருக்கத் தடுப்பணை இருக்கிறது. மாரியில் கதவைத் திறந்தால் வெள்ளம் வடியும். மூடி வைத்தால் நன்னீர் தங்கும், கோடையில் சுற்றுவட்டாரக் கிணறுகள் உவராகாமல் இருக்க அது உதவும். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. வயலுக்குள் தண்ணீர் நிற்கிற கமக்காரருக்கு இன்றைக்கே திறக்க வேண்டும். உவர்க்கிணற்றோடு கஷ்டப்படுகிறவருக்கு ஒரு சொட்டும் கடலுக்குப் போகக் கூடாது. இன்னொன்றும் உண்டு, கதவு திறந்திருந்தாலும் கடல்நீரேரியின் மட்டம் உயர்ந்திருந்தால் தண்ணீர் வெளியே போகாது. நீரேரி ஆழம் குறைந்தது. சூறாவளி நேரத்தில் காற்றும் மழையும் சேர்ந்து அதையும் உயர்த்திவிடும், வெளியேற வேண்டிய நேரத்தில்தான் வாசல் அடைபடும். மழை விட்டு வெயில் எறித்த பிறகும் வட்டுக்கோட்டை, அராலிப் பக்கம் தண்ணீர் இறங்காமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். மேலே சண்டிலிப்பாயில் வாய்க்காலை அகலப்படுத்தினால் அங்கே நன்மைதான், ஆனால் தண்ணீர் இன்னும் விரைவாக வந்து கீழே குவியும். கீழிருந்து மேலாகத்தான் வேலை தொடங்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான். இந்த 16 கிலோமீட்டரும் தெல்லிப்பழை, உடுவில், சண்டிலிப்பாய், சங்கானை என்று நான்கு பிரதேச செயலகப் பிரிவுகளைத் தொட்டுப் போகிறது. ஆற்றுக்கு எல்லை தெரியாது, கோப்புக்குத் தெரியும். ஒரு பிரிவில் வாய்க்கால் துப்புரவாக்கி அடுத்த பிரிவில் விட்டுவிட்டால் செய்த வேலையும் வீண்.

சரி, உங்கள் இடத்துக்கு வெள்ளம் எந்த மட்டம் வரை வரும் என்று எப்படிப் பார்ப்பது?

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற உயர வரைபடங்களைத் திறந்து, என் வீடு கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரம், ஆகவே பயமில்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்மதி எடுத்த அந்த உயரத் தரவுகளில் சில மீட்டர் பிழை சாதாரணம். பனங்கூடலின் உச்சியைக்கூட நிலம் என்று எடுத்துக்கொள்ளும். மலைநாட்டில் அந்தப் பிழை பெரிய விடயமில்லை. மொத்த இறக்கமே பத்து மீட்டர் உள்ள ஊரில், அரை அடி வித்தியாசம் வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்று தீர்மானிக்கிற இடத்தில், அந்தப் படம் உதவாது. முகிலை ஊடுருவிப் பார்க்கிற ராடார் செய்மதிப் படங்கள் வேறு விடயம், வெள்ளம் நின்ற பரப்பை அவை நன்றாகக் காட்டும். ஆனால் அதுவும் திறந்த வயல்வெளியில்தான், மரமும் வீடும் நெருங்கிய ஒழுங்கைக்குள் இல்லை.

அதைவிட நம்பகமானது பழைய வெள்ளத்தின் அடையாளம். 2008 நிஷா, 2020 டிசம்பரில் புரெவி, 2024 நவம்பர் கடைசியில் பெங்கல், இந்த மூன்றையும் ஊரில் கனபேர் கண்டிருக்கிறார்கள். வெள்ளம் வந்ததா என்று பொதுவாகக் கேட்டால் வந்தது என்று மட்டும்தான் பதில் வரும். "ஐயா, நிஷாப் புயலுக்கு உங்கட வீட்டில எத்தனையாவது படி வரைக்கும் தண்ணி வந்தது? எந்தப் பக்கத்தால வந்தது? எத்தனை நாள் நிண்டது?" என்று கேட்க வேண்டும். படியைக் கையால் காட்டச் சொல்ல வேண்டும். அம்மாமார் இதில் இன்னும் துல்லியமாகச் சொல்வார்கள், ஏனென்றால் அடுப்பைத் தூக்கி எந்தத் தட்டில் வைத்தோம், அரிசி வாளி நனைந்ததா இல்லையா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த கோடு, கோயில் மதிலில் படிந்த கறை, பள்ளிக்கூடக் கதவின் அடியில் உளுத்த பலகை எல்லாம் சாட்சிதான்.

இப்படி எடுத்த அடையாளங்களை ஒன்றோடொன்று பொருத்த மட்டம் பார்க்க வேண்டும். மேசன்மார் அத்திவாரத்துக்கு மட்டம் பிடிக்கிற தெளிந்த பிளாஸ்டிக் குழாய் போதும். குழாய்க்குள் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை வெள்ளக் கறைக்கு நேரே பிடித்து, மறுமுனையை அடுத்த வீட்டுச் சுவரில் வைத்துப் பார்த்தால், அதே வெள்ளம் அந்த வீட்டில் எந்த உயரத்தில் நிற்கும் என்று கோடு போடலாம். வீடு வீடாக நகர்த்திக்கொண்டு போனால் ஒரு ஒழுங்கையை ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம். கோடு அடுத்த வீட்டுக்காரர் சொன்ன உயரத்தோடு பொருந்தவில்லையென்றால் இடையில் எதுவோ தண்ணீரை மறிக்கிறது, பெரும்பாலும் மதில் அல்லது மதவு.

இனி வாய்ப்புக் கணக்கு. நூறு வருடத்துக்கு ஒருமுறை வருகிற வெள்ளம் என்று செய்தியில் சொன்னால், நிஷா வந்துவிட்டது, இனி நூறு வருடத்துக்கு நிம்மதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். வங்கிக் கடன் எடுத்துக் கட்டின வீட்டில் முப்பது வருடம் இருந்தால், அந்த முப்பது வருடத்தில் அது ஒருமுறையாவது வர நூற்றுக்கு 26 வாய்ப்பு. பத்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற சின்ன வெள்ளமென்றால், பத்து வருடத்துக்குள் வர நூற்றுக்கு 65. அதோடு காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவி பிடிக்கும், ஆகவே பழைய மழைப் பதிவை வைத்துப் போட்ட கணக்கே இப்போது கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். பெரிய வெள்ளத்தைவிட இந்தப் பத்து வருட வெள்ளங்கள்தான் சனத்தை மெல்ல மெல்ல நொறுக்குகின்றன என்று நினைக்கிறேன். பெரியது வந்தால் நிவாரணம் வரும், இடைத்தங்கல் முகாம் திறக்கும், செய்தி வரும். சின்னதுக்கு ஒன்றும் வராது, நனைந்த நெல்லும் உடைந்த மலசலகூடக் குழியும் மட்டும் மிஞ்சும்.

அந்தக் குழியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரே வளவில் கிணறும் மலக்குழியும் இருக்கிற ஊர் இது. நிலத்தடி நீர் மேலேறும்போது இரண்டும் ஒரே தண்ணீரில் நிற்கும், நடுவில் இருப்பது ஓட்டை விழுந்த சுண்ணாம்புக்கல். தண்ணீர் வீட்டுக்குள் வராவிட்டாலும் கிணறு கெட்டிருக்கலாம். வெள்ளம் வடிந்த பிறகு குளோறின் போட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சரி என்று சொல்லும் வரைக்கும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். 2024 வெள்ளத்துக்குப் பிறகு டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போயின. வெறுங்காலோடு வயலுக்குள்ளும் வாய்க்காலுக்குள்ளும் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு அது நேரடி ஆபத்து. நெல்லுக்கும் நாள் கணக்குத்தான். இங்கே மழையை நம்பி விதைக்கிற பயிர் கார்த்திகைக் கடைசியில் இன்னும் இளம்பயிர், ஒரு கிழமைக்கு மேல் முழுவதும் மூழ்கி நின்றால் அழுகிவிடும். இரண்டு நாளில் வடிந்தால் தப்பும். மதவு ஒன்றைத் துப்புரவாக்கிய பலன் அந்த ஐந்து நாள் வித்தியாசத்தில்தான் தெரியும்.

ஆகவே ஒரு ஊருக்கு உண்மையாகப் பயன்படுகிற வெள்ளப் பதிவேடு என்றால் அதில் இவை இருக்க வேண்டும்: மழை தொடங்கிய நாள், கிணறு கட்டுக்கு எத்தனை அடி கீழே நின்றது, எந்த மதவில் தண்ணீர் முதலில் திரும்பியது, எந்த வீடுகளுக்குள் போனது, அராலிக் கதவு எந்த நாள் திறந்தது, முற்றத்தில் தண்ணீர் இறங்கிய நாள், வயலில் இறங்கிய நாள். ஒரு கொப்பியில் ஒரு பக்கம். நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், டயலிசிஸ் செய்கிறவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கமும் முதல் பக்கத்தில். ஒரு பிரதி கிராம அலுவலரிடம், ஒன்று கமக்காரர் அமைப்பிடம், ஒன்று பிரதேச சபையிடம் இருக்கட்டும், வாய்க்கால் ஓரம் மதில் கட்டவோ நிலம் நிரப்பவோ யாராவது அனுமதி கேட்டு வந்தால் சபை அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும்.